ஊட்டியில் குறைந்த செலவில் சாப்பிடவும், ஒரு மாலை அமர்ந்து குடிக்கவும் எங்கே போகலாம்?

2024 நவம்பர் 3, மாலை 6.15 (திருப்பூர் வாசகர் ஒருவரின் கேள்வி)

டிசம்பர் கடைசி வாரத்தில் மனைவி, இரண்டு பிள்ளைகள், அப்பா ஆகியோருடன் பேருந்தில் ஊட்டிக்கு வருகிறோம். இரண்டு இரவுகள் தங்குவோம். ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரு நாள் சாப்பாட்டுக்கு 1,500 ரூபாய்க்கு மேல் செலவழிக்க இயலாது. போன முறை சேரிங் கிராஸ் பக்கம் சாப்பிட்டபோது சோறு ஆறிக் கிடந்தது, பில் மட்டும் சுட்டது. உள்ளூர்க்காரர்கள் எந்தக் கடையில் சாப்பிடுகிறார்கள்? இன்னொன்றும் கேட்க வேண்டும். ஒரு மாலை மட்டும் நான் தனியாக ஒன்றரை மணி நேரம் எங்காவது அமர்ந்து குடிக்க விரும்புகிறேன். ஏமாற்றாத, சண்டையில்லாத இடம் இருந்தால் சொல்லுங்கள்.

நவம்பர் 3, இரவு 9.40

குன்னூரில் இருந்துகொண்டு தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு பெல்ட்டும் பேரிங்கும் விற்பது என் தொழில். 22 ஆண்டுகளாக, ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாள்களில் என் மதியச் சாப்பாடு கடையில்தான். மஞ்சூரிலிருந்து பந்தலூர் வரை நான் உட்காராத பெஞ்சு குறைவு. பதில் சொல்லும் தகுதி எனக்கு உண்டு என்பதற்கு என் வயிற்றுப்புண்ணே சான்று.

கடையின் பெயரை நான் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் அது உங்களுக்குப் பயன்படாது. நான் மெச்சுகிற கடையிலேயே மதியம் இரண்டரை மணிக்கு உட்கார்ந்து, ஆறிய சோற்றின் மேல் ஆறிய சாம்பாரை ஊற்றிப் பிசைந்து தின்றுவிட்டு, முழு விலையையும் கொடுத்துவிட்டு எழுந்து வந்திருக்கிறேன். அன்றைக்கு அதே பெஞ்சில் பன்னிரண்டே முக்காலுக்கு உட்கார்ந்தவன் ஆவி பறக்கச் சாப்பிட்டிருப்பான். மலையில் மலிவுக் கடை ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் உண்டு. அந்த நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் எந்தக் கடையும் பாதி நல்ல கடை ஆகிவிடும்.

இதற்குக் காரணம் உயரம். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 100 டிகிரி வரை போகாமல் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுகிறது. திறந்த அண்டாவில் வைக்கும் சோறு அந்தச் சூட்டில் வேகவே வேகாது. ஆகவே சின்னக் கடைகள் பெரிய குக்கரில் ஈடு ஈடாக வைத்து இறக்குகின்றன. முதல் ஈடு பன்னிரண்டரைக்கு இறங்கும், இரண்டாவது ஒன்றேகாலுக்கு. அதற்குப் பிறகு இறங்கும் ஈடு கடைக்காரரின் மனத்தையும் வாசலில் நிற்கும் ஆள்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது.

நவம்பர் 4, காலை 7.05

நேற்று எழுதியதில் ஒரு பிழை. கோத்தகிரியில் கல்யாணச் சமையல் செய்யும் அன்பர் ஒருவர், சோறு வேகவே வேகாது என்று நான் எழுதியதைப் படித்துச் சிரித்திருக்கிறார். அறுநூறு பேருக்குத் திறந்த அண்டாவில்தான் அவர் ஆயுள் முழுதும் வடித்து வருகிறாராம். அரிசியைக் கூடுதலாக அரை மணி நேரம் ஊறவைத்து, மூடியின் மேல் கனம் ஏற்றி, சீகை மர (வாட்டில்) விறகை அடுப்பில் இன்னும் கொஞ்சம் தள்ளினால் சோறு பூப்போல வெந்துவிடும், நேரம்தான் கூடுதலாகும் என்கிறார். அவர் சொல்வதே சரி. நான் விற்பவன், அவர் ஆக்குபவர்.

ஆனால் அவரே இன்னொன்றும் சொன்னார், அதுதான் உங்களுக்கு வேண்டியது. வடித்த பிறகுதான் ஆபத்து தொடங்குகிறதாம். டிசம்பரில் உச்சி வேளையிலும் நிழலில் குளிர் அடிக்கும், குழாய்த் தண்ணீரில் கழுவிய சில்வர் தட்டு பனிக்கட்டியாக இருக்கும். அதில் சோற்றை வைத்த மறு நிமிடமே அடிச்சோறு ஆறிவிடும்.

இதைப் படித்தபோதுதான் லோயர் பஜார் சந்து ஒன்றில் நான் வழக்கமாகச் சாப்பிடும் கடை நினைவுக்கு வந்தது. அங்கே இருக்கும் வயதான சப்ளையர், கழுவிய தட்டுகளைத் துடைத்துச் சோற்று அண்டாவின் மூடி மேல் எட்டு பத்தாக அடுக்கி வைப்பார். அடித்தட்டை எடுத்து உங்கள் முன்னால் வைக்கும்போது அதன் விளிம்பு கையைச் சுடும். பத்து வருடங்களாக அந்தத் தட்டில் சாப்பிட்டுவிட்டு, அந்தக் கடைச் சோறு மட்டும் ஏன் கடைசிக் கவளம் வரை சூடாக இருக்கிறது என்று யோசிக்காமலேயே இருந்திருக்கிறேன். நீங்கள் கடைக்குள் நுழைந்ததும் தட்டைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் உட்காருங்கள்.

நவம்பர் 4, காலை 7.20

வாழையிலை போடும் கடையானால் இந்தச் சோதனை தேவையில்லை. இலை தட்டைப் போலச் சூட்டை உறிஞ்சாது.

நவம்பர் 4, இரவு 10.30

இப்போது குடிப்பதைப் பற்றி. மதுக்கடைகள் நண்பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகின்றன. கடையை ஒட்டிய பார் ஒரு வகை, உரிமம் பெற்ற ஓட்டலுக்குள் இருக்கும் பார் இன்னொரு வகை. முன்னதில் குவார்ட்டர் கடை விலைக்குக் கிடைக்கும், செலவெல்லாம் சைடு டிஷ்ஷில்தான். பின்னதில் சாய்ந்துகொள்ளும் நாற்காலியும் கதவும் இருக்கும், அதற்கும் சேர்த்து வாங்கிவிடுவார்கள். கதவு என்று சும்மா சொல்லவில்லை. ஊட்டியில் பல பார்கள் மேலே தகரமும் முன்னால் திறப்புமாக இருப்பதால், மாலையானதும் மூடுபனி அனுமதி கேட்காமல் உள்ளே வந்து உங்கள் மேசையில் உட்காரும்.

உங்களுக்கு வேண்டியது ஒன்றரை மணி நேர அமைதி என்றால் மூன்றரையிலிருந்து ஐந்து வரை போங்கள். மதியக் கூட்டம் கலைந்திருக்கும், மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர்களும் லாரிக்காரர்களும் இன்னும் வந்திருக்க மாட்டார்கள், தரையையும் அப்போதுதான் கழுவியிருப்பார்கள். ஆறரைக்கு மேல் குரல்கள் உயரும். சனிக்கிழமை கூலி நாள், அன்று வேண்டாம். கூலி வாங்கியவர்களை நான் குறை சொல்லவில்லை, அது அவர்களுடைய மாலை, அங்கே விருந்தாளி நாம்தான்.

சைடு டிஷ்ஷுக்கு விலைப் பலகை பெரும்பாலும் இருக்காது. ஆகவே எதையும் விலை கேட்டுவிட்டு வாங்குங்கள், கேட்காமல் மேசைக்கு வரும் தட்டை உடனே திருப்பி அனுப்புங்கள். என் அனுபவத்தில் ஏமாற்றம் தராதவை மூன்று: மிளகுத்தூள் தூவிய அவித்த முட்டை, சுண்டல், உப்பும் மிளகாய்த்தூளும் போட்ட கேரட் வில்லை. கடைசியாகச் சொன்னது அன்று காலை மண்ணிலிருந்து வந்ததாக இருக்கக்கூடும்.

நவம்பர் 5, மதியம் 3.10

கேட்காமல் வரும் தட்டைப் பற்றி எழுதியதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. ஆறு வருடங்களுக்கு முன்பு, பெயர் வேண்டாம், ஒரு பாரில் நான் சுண்டல் மட்டும் கேட்டேன். சில்லி சிக்கன் வந்தது, பேச்சு சுவாரசியத்தில் தின்றுவிட்டோம். பிறகு ஆம்லெட் வந்தது, அதையும் தின்றோம். மூன்றாவதாக ஒரு தட்டு வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. பில்லைப் பார்த்துவிட்டு வாக்குவாதம் செய்து, பாதியைக் குறைத்து, வெற்றி வீரனாக வெளியேறினேன். பேருந்து நிலையம் வந்த பிறகுதான் மப்ளரை நாற்காலியிலேயே விட்டது தெரிந்தது. திரும்பிப் போக மானம் இடம் தரவில்லை. மறு வாரம் அந்த வழியாகப் போனபோது என் மப்ளர் சப்ளையரின் கழுத்தில் இருந்தது. அவருக்கு அது நன்றாகவே பொருந்தியது.

நவம்பர் 6, காலை 6.50

திருப்பூர் நண்பர், அப்பாவுக்குக் குளிருக்கு இதமாகக் கொஞ்சம் பிராந்தி கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம். பிராந்தி குடித்ததும் உடம்பு சூடானதுபோலத் தோன்றுவதற்குக் காரணம், தோலுக்கு அடியில் உள்ள இரத்தக் குழாய்கள் விரிவதுதான். உள்ளே இருக்க வேண்டிய சூடு அந்த வழியாக வெளியே போய்விடுகிறது. எழுபது வயதுக்காரரை அப்படியொரு நிலையில் உறைபனி இரவில் அறைக்கு நடத்திக் கூட்டிப் போவது சரியில்லை. சுக்கு மல்லிக் காப்பி வாங்கிக் கொடுங்கள், மாலையில் மார்க்கெட் வாசலில் கிடைக்கும்.

நவம்பர் 6, இரவு 8.45

தேநீரைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் என் தொழில் அது. மலையெங்கும் தேயிலைத் தோட்டம், குன்னூரில் ஏலம், அப்படியிருந்தும் ஊட்டி டீக்கடையில் ஏன் சில நேரம் வெந்நீர்போல டீ கிடைக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் என்னிடம் கேட்பதுண்டு. நல்ல தூள் மலையிறங்கிப் போய்விடுகிறது என்று பாதி விளையாட்டாகச் சொல்வேன். மீதி பாதி, மேலே சொன்ன 93 டிகிரிதான். அந்தச் சூட்டில் சாயம் முழுதாக இறங்குவதில்லை. ஆகவே மாஸ்டர்கள் பொடியான டஸ்ட் ரகத்தைக் கூடுதலாகப் போட்டு ஈடுகட்டுகிறார்கள். கூடுதலாகப் போட்டால் செலவாகும், செலவானால் அதே பையை இன்னும் ஒரு மணி நேரம் இழுத்துப் பார்ப்பார்கள்.

அதனால் டீக்கடைக்கும் நேரம் உண்டு. தூள் மாற்றிய முதல் கால் மணி நேரத்தில் குடிக்கும் டீயும், மாற்றுவதற்கு முந்தைய கால் மணி நேரத்தில் குடிக்கும் டீயும் ஒரே விலை, 15 ரூபாய். உள்ளூர்க்காரன் உட்காருவதற்கு முன்பே, "மாஸ்டர், புதுத் தூள் போட்டாச்சா?" என்று கேட்பான். மாஸ்டர் வாயால் பதில் சொல்ல மாட்டார். துணிப்பையைத் தூக்கிக் காட்டுவார், அல்லது ஐந்து விரலைக் காட்டுவார். ஐந்து விரல் என்றால் ஐந்து நிமிடம் பொறு என்று பொருள்.

நவம்பர் 9, காலை 8.30

விடிகாலையில் ஊட்டியில் என்ன கிடைக்கும் என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். கேரட் எடுப்பவர்களைக் கேளுங்கள். நள்ளிரவு தாண்டியதும் தலையில் டார்ச் விளக்கைக் கட்டிக்கொண்டு காட்டில் இறங்கிவிடுகிறார்கள், எடுத்த கேரட் கேத்தி, முத்தோரை பக்கம் உள்ள கழுவும் இயந்திரங்களுக்குப் போய், அங்கிருந்து லாரியில் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகிறது. அவர்களுக்காக விடியும் முன்பே அடுப்பு மூட்டும் கடைகள் அந்தச் சாலைகளில் உண்டு. ஒருமுறை இயந்திரப் பட்டை அறுந்துபோய் அதிகாலை நான்கரைக்கு என்னை அழைத்தார்கள். வேலை முடிந்து அவர்களோடு ஒரு தகரக் கொட்டகையில் நின்றபடியே தோசையும் காரச் சட்னியும் தின்றேன். கைகள் விறைத்திருந்ததால் கிழிசல் தோசையா, கிழித்த தோசையா என்று தெரியவில்லை. அதைவிட நல்ல காலைச் சிற்றுண்டி எனக்கு நினைவில்லை.

கவனியுங்கள், தோசை. டிசம்பரில் இட்லி வேண்டாம். மாவு புளிக்க ஏறக்குறைய ஒரு முழு நாள் எடுக்கும். பாய்லரின் அருகில் சாக்கைச் சுற்றி வைத்துப் புளிக்க விடுகிறவர் நல்ல இட்லி தருவார், மற்றவர் கடையில் அதைச் சுவரில் எறிந்து விளையாடலாம். புளிப்பு குறைந்த மாவைத் தோசைக்கல் ஓரளவு மன்னித்துவிடும், இட்லித் தட்டு மன்னிக்காது.

நவம்பர் 9, காலை 8.40

மேலே "காட்டில்" என்று எழுதியதைப் படித்து யானைக் காடு என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் பக்கம் தோட்டத்தையும் வயலையும் காடு என்றே சொல்வோம்.

நவம்பர் 14, இரவு 9.15

புரோட்டாவுக்கு மட்டும் என் நேரக் கணக்கு தலைகீழ். முதலில் போகிறவனுக்குத்தான் நல்ல சாப்பாடு என்ற விதி இங்கே செல்லாது. மாலை ஐந்தரைக்கு மாஸ்டர் கல்லைத் தொடங்கும்போது உருண்டைகள் குளிரில் இறுகிக் கிடக்கும், வீசினால் விரியாமல் கிழியும். உருண்டைகள் உள்ள தட்டு கல்லின் ஓரத்தில் ஒரு மணி நேரம் இருந்த பிறகுதான் மாவு வழிக்கு வரும். சால்னாவும் அப்படியே. ஆறு மணிச் சால்னாவில் உங்கள் முகம் தெரியும், எட்டரை மணிச் சால்னாவில் கரண்டி நிற்கும். ஆகவே இரவுச் சாப்பாட்டுக்கு எட்டு மணிக்கு மேல் போங்கள், ஒன்பதைத் தாண்டாதீர்கள். ஒன்பதுக்கு மேல் சால்னாவில் வெந்நீர் சேரும் கடைகளும் எனக்குத் தெரியும்.

பிள்ளைகளுக்குக் காரம் ஆகாது என்றால் முட்டை வீச்சும் ஒரு கலக்கியும் போதும். ஐந்து பேருக்கு அந்த இரவு ஐந்நூறு ரூபாய் தாண்டாது.

நவம்பர் 15, காலை 10.00

தள்ளுவண்டிக் காளான் உண்மையிலேயே காளான்தானா என்று கேட்டவருக்குப் பதில். மாலையில் தள்ளுவண்டியில் சிவப்பாகக் கொதிக்கும் அந்தக் காளானில் பெரும்பகுதி முட்டைக்கோசுதான். காளானும் கோசும் விளைகிற ஊரிலேயே இப்படி. ஆனாலும் நான் வாங்கித் தின்பேன்.

நவம்பர் 23, இரவு 10.10

கோத்தகிரி அன்பர் மறுபடியும் எழுதியிருக்கிறார். இவ்வளவு எழுதிய நீ ஒரு வார்த்தைகூட ரொட்டியைப் பற்றி எழுதவில்லையே என்கிறார். உண்மை, வெட்கம்தான்.

1964இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இலங்கையின் மலையகத்திலிருந்து வந்த தமிழர்கள் கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் பக்கங்களில் ஏராளமாகக் குடியேறினார்கள். அரசு தேயிலைத் தோட்டக் கழகத்தின் தோட்டங்கள் அவர்கள் உழைப்பில் நிற்பவை. அவர்களோடு தேங்காய் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் பிளேன்டீயும் வந்தன. கட்டபெட்டு தாண்டி ஒரு வளைவில் பாட்டி ஒருவர் வைத்திருந்த கடையில், திரைக்குப் பின்னால் ரொட்டி தட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே காத்திருந்த காலைகள் எத்தனையோ. சம்பலை அம்மியில்தான் அரைப்பார். பால் இல்லாத டீயைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றி, உள்ளங்கையில் ஒரு துண்டு வெல்லத்தை வைப்பார். வெல்லத்தைக் கடித்துக்கொண்டு டீயைக் குடிக்க வேண்டும், கரைக்கக் கூடாது. நான் முதல் நாள் கரைத்துவிட்டேன். "தம்பி, அது காப்பிக்காரங்க பழக்கம்" என்றார்.

படகர் வீட்டு அவரைக் குழம்பை ஏன் எழுதவில்லை என்று அடுத்து வரப்போகிறது. அது மலிவுக் கடைகளில் அரிது. ஹட்டியில், அதாவது படகர் ஊரில், யாராவது அழைத்தால் போய்ச் சாப்பிடுங்கள், அழைக்காவிட்டால் காத்திருங்கள்.

நவம்பர் 24, காலை 7.30

அந்தப் பாட்டியின் கடை இப்போது இல்லையாம். முழங்கால் வலி தாளாமல் கோவையில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்று ஒரு வாசகர் தெரிவிக்கிறார். நான் கடைசியாகப் போனது எப்போது என்று கணக்குப் பார்த்தேன், நான்கு வருடங்களுக்கு மேல் ஆகிறது. அவர்களைப் போன்றோர் நடத்தும் வேறு கடைகள் அந்தச் சாலையில் இருக்கின்றன, ரொட்டி காலையில் மட்டும் கிடைக்கும்.

டிசம்பர் 11, இரவு 9.00

திருப்பூர் நண்பர் பயணத்தைப் பொங்கல் விடுமுறைக்குத் தள்ளி வைத்திருக்கிறார். ஜனவரி 15 திருவள்ளுவர் நாள், அன்று மதுக்கடைகளும் பார்களும் திறக்கா. உங்கள் ஒன்றரை மணி நேரத்தை 14ஆம் தேதிக்கு மாற்றுங்கள், அல்லது குறள் படியுங்கள். கள்ளுண்ணாமைக்கென்றே பத்துக் குறள்கள் இருக்கின்றன.

டிசம்பர் 12, மாலை 4.40

பாரைப் பற்றி விட்டுப்போன இரண்டு செய்திகள்.

முதலாவது, காலி பாட்டில். 2022 மே மாதத்திலிருந்து நீலகிரியில் ஒவ்வொரு பாட்டிலுக்கும் 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் திரும்பத் தருகிறார்கள். குடித்துவிட்டுக் காட்டோரம் எறிந்த பாட்டில்களால் காட்டு விலங்குகளின் கால்கள் கிழிந்ததால், சென்னை உயர் நீதிமன்றத்தின் வழிகாட்டுதலில் வந்த ஏற்பாடு இது. அது நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன். ஆனால் பாரில் அமர்ந்து குடித்தால் அந்த 10 ரூபாயைத் தேடி நீங்கள் போவதில்லை. மேசையைத் துடைக்கும் பையன் பாட்டிலை எடுக்கும்போது உங்கள் முகத்தைப் பார்ப்பான், நீங்கள் தலையசைப்பீர்கள். டிப்ஸ் என்பது எங்கள் ஊரில் இப்போது அந்தத் தலையசைப்புதான்.

இரண்டாவது, படிக்கட்டு. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்கக் கூடாது என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2017 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, ஒரு பக்கம் பாறையும் மறு பக்கம் பள்ளமுமாக ஒரே சாலை ஓடும் எங்கள் ஊர்களில் கடைகள் எங்கே போகும்? பள்ளத்தில் இறங்கின. பின்னால் நகராட்சிப் பகுதிகளுக்கு விலக்கு கிடைத்தாலும் இறங்கியவற்றுள் சில ஏறி வரவில்லை. நான் எப்போதாவது போகும் ஒரு பாருக்கு 74 படிகள். இறங்கும்போது எண்ணியது. ஏறும்போது எண்ணினால் ஒவ்வொரு முறையும் வேறு எண் வருகிறது. போவதற்கு முன் படியைப் பாருங்கள், அதில் விளக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

டிசம்பர் 12, மாலை 4.55

மூன்றாவது செய்தியும் இருக்கிறது. தங்குமிடத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள இடத்துக்கு மட்டும் போங்கள். மலைச் சாலையில் குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர்களைப் பற்றி என்னிடம் இருக்கும் கதைகள் வேடிக்கையானவை அல்ல.

2025 ஜனவரி 9, இரவு 8.20

அப்பாவுக்குச் சளி என்பதால் பயணம் மீண்டும் தள்ளிப் போயிருக்கிறது, இனி மே மாதம்தான் என்கிறார். நல்ல முடிவு, அப்பாவுக்கு. பணப்பைக்கு அல்ல, மே மாதம் சீசன்.

ஜனவரி 19, காலை 11.30

எங்கள் ஊர் பேக்கரிகளின் மொறுமொறு பண்டமான வர்க்கியை மறந்துவிட்டீர்களா என்று கேட்டவர்களுக்கு: மறக்கவில்லை. கடைவீதியில் நெகிழித் தடைக்குப் பிறகு காகிதப் பையில் கட்டி அடுக்கியிருப்பது ஒன்று, விறகு அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்தது வேறொன்று. மைதா, ரவை, சர்க்கரை, வாழைப்பழம் சேர்த்துப் புளிக்கவைத்த மாவா என்ற உறைமாவைக் கலந்து, பிசைந்து, மடித்து மடித்துத் தட்டி அடுப்பில் வைக்கிறார்கள். குன்னூரில் எங்கள் தெருவுக்குப் பின்னால் உள்ள பேக்கரியில் மூன்று மணிக்குத் தகரத் தட்டு வெளியே வரும். அப்போது வர்க்கி சூடாக, ஆனால் மெத்தென்று இருக்கும். அவசரக்காரர்கள் அதைத் தின்றுவிட்டு மொறுமொறுப்பு இல்லை என்பார்கள். நாலரை வரை ஆறவிட வேண்டும். மலையில் ஆறிய பிறகு நன்றாக இருக்கும் பண்டம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான், ஆகவே இதுவரை நான் எழுதிய எல்லாவற்றுக்கும் இதை விலக்காக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 6, இரவு 9.50

மே மாதம் வருகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 2025 ஏப்ரல் 1 முதல் ஜூன் வரை மட்டும் நீலகிரிக்கு இ-பாஸ் (இணையவழி அனுமதி) பெற்ற வாகனங்கள் வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அரசுப் பேருந்தில் வருகிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. வாகனம் குறைந்தால் கூட்டம் குறையும், கூட்டம் குறைந்தால் விலை குறையும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன்.

பாட்டில் தண்ணீர் வாங்கிக்கொள்ளலாம் என்றும் வராதீர்கள். 2019இலிருந்தே மாவட்டத்தில் சின்னப் பிளாஸ்டிக் பாட்டில்களுக்குத் தடை உண்டு. சில்வர் பாட்டிலைக் கொண்டுவந்து குடிநீர் ஏ.டி.எம்.களில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

மே 19, இரவு 10.20

திருப்பூர் நண்பர் வந்து போய்விட்டார். அவர் அனுப்பிய அறிக்கை எனக்குப் பெருமையும் சங்கடமும் தருகிறது.

முதல் நாள் மதியம் மூன்று கடைகளில் ஏறி இறங்கித் தட்டைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். மூன்றாவது கடையில் சப்ளையர், "சார் பாத்திர வியாபாரமா?" என்று கேட்டாராம். தட்டு மூன்றிலும் குளிர்ந்தே இருந்தது. பிள்ளைகள் பசியில் அழவே, அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். சோறு நன்றாகச் சூடாக இருந்ததாம். இரவு எட்டேகாலுக்குப் புரோட்டா, சால்னா கெட்டியாக இருந்தது, ஐந்து பேருக்கு 540 ரூபாய். என் கணக்கில் நாற்பது தவறு. இரண்டாம் நாள் அப்பாவும் அவரும் கோத்தகிரிப் பேருந்தில் போய் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டிருக்கிறார்கள், வெல்லத்தைக் கடித்துக்கொண்டுதான் குடித்தார்களாம்.

மாலை மூன்றே முக்காலுக்கு அவர் தனியாகப் பாருக்குப் போனார். சீசனில் அந்த நேரத்தில் உட்கார இடமே இல்லை, வெளியூர்க்காரர்கள் எல்லோரும் மழைக்கு ஒதுங்கியிருந்தார்கள். ஒரு குவார்ட்டரையும் ஒரு தட்டுக் கேரட்டையும் நின்றுகொண்டே முடித்துவிட்டு அரை மணி நேரத்தில் அறைக்குத் திரும்பிவிட்டார். பாட்டிலைப் பையனிடமே விட்டாராம்.

மே 22, மதியம் 2.30

தட்டு விஷயம் மனத்தை அரித்ததால் இன்று வேலையை ஒதுக்கிவிட்டு, லோயர் பஜாரில் நான் சொன்ன அதே கடைக்கு ஒன்றேகாலுக்குப் போனேன். வாசலில் பதினைந்து பேர் நின்றார்கள். உட்கார்ந்ததும் தட்டைத் தொட்டேன், சில்லென்று இருந்தது, ஓரத்தில் கழுவிய தண்ணீரும் நின்றது. அண்டா மூடியின் மேல் ஒரு தட்டுகூட இல்லை. சப்ளையரைக் கேட்டேன். "சீசன்ல தட்டு எங்கண்ணே உக்காரும்? கழுவுனா நேரா மேசைக்குத்தான்" என்றார். ஆனால் சோறு அடுத்தடுத்து இறங்கிக்கொண்டே இருந்ததால் ஆற நேரமில்லை, ஆவியோடு வந்தது. ஆக, தட்டைத் தொடும் சோதனை கூட்டமில்லாத மாதங்களுக்கு மட்டும்தான் பொருந்தும், நவம்பர் 4 குறிப்பைப் படிப்பவர்கள் இதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள். நான் இலை கேட்டேன். சீசனில் இலைக்குத் தனியாக 5 ரூபாய்.